குல்லாய்க்கு வந்த ஜிகா

பதுளை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையின் மூன்றாவது இழுப்பறையில், பழைய உறைகளுக்கு அடியில் ஒரு படம் கிடக்கிறது, அதில் மண்டையோடும் இல்லை, எலும்பும் இல்லை, கறுப்பு நடுவே முப்பது வெள்ளைப் புள்ளிகள்தான் இருக்கின்றன, இது என்ன நோய் சார் என்று எனக்குப் பின் அங்கே வேலைக்கு வந்த உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். நோயும் இல்லை, நொடியும் இல்லை. அது ஒரு கம்பளிக் குல்லாய். அதைப் படுக்கவைத்துப் படம் எடுத்த புண்ணியவான் நான்தான்.

நான் இப்போது ஹாலிஎலயில் கொல்லையில் கோவா, அதாவது முட்டைக்கோஸ், நட்டுவிட்டு, அதைப் பிடுங்க வரும் குரங்குகளோடு வழக்காடிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் எலும்பையும் மூளையையும் படம் எடுத்தவன். மெஷினைப் பற்றி நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். இன்று உங்களிடம் இருப்பது வேறு சாதி மெஷின். ஆகவே அதை விட்டுவிட்டு, அனுபவம் முற்றிய ஒரு மனிதன் எப்படி ஒரு குல்லாய்க்கு எக்ஸ்ரே எடுத்தான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜிகா என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் பிள்ளை வைத்தியர், சிங்களப் பெண்மணி, எங்களைக் கூப்பிட்டுவைத்து விளக்கினார். கொசுவால் பரவும் காய்ச்சல். பெரியவர்களுக்கு வந்தால் தோலில் கொஞ்சம் தடிப்பு, மூட்டுவலி, நாலு நாளில் போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குள் இறங்கிவிடும். தலை சிறுத்துப் பிறக்கும். மூளைக்குள் சுண்ணாம்புச் சத்து பொடிப்பொடியாகப் படியும், படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். "வெள்ளைப் புள்ளி கண்டால் எனக்கு உடனே சொல்லுங்கள்," என்றார். அன்றிலிருந்து நான் சோற்றில்கூட வெள்ளைப் புள்ளி தேடினேன்.

தேடியவன் கையில் கவிஷ்கா வந்து சேர்ந்தாள். மூன்று மாதப் பெண் பிள்ளை. லுணுகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா தேவிகா கொழுந்து பறிக்கிறவள். அப்பா சசிகுமார் மாலைதீவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தான். மனைவி நாலு மாதமாக இருந்தபோது லீவில் வந்தவன், காய்ச்சலோடும் தடிப்போடும் வந்தான். இரண்டு வாரத்தில் அவளுக்கும் தடிப்பு. இப்போது பிள்ளையின் தலை அளவில் குறைவாக இருக்கிறது என்று தோட்டத்து மருத்துவிச்சி எழுதி அனுப்பியிருந்தாள்.

இந்த நோய் கொசுவால் மட்டுமல்ல, கணவனிடமிருந்து மனைவிக்கும் வரலாம் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். தமிழில் சொல்கிற வேலை எனக்கு. சொன்னேன். தேவிகா எழுந்து போய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அந்த இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் வந்து இரண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பால் குடிக்க மட்டும் பிள்ளை அம்மாவிடம் போகும், தூங்க அப்பாவிடம் வரும்.

"சீமைக்குப் போனவங்க சவுக்காரம் கொண்டு வருவாங்க, சென்ட்டு போத்தல் கொண்டு வருவாங்க," என்றாள் ஒருநாள் என்னிடம், அவன் காதில் விழும்படியே. "இவரு எம்புள்ளைக்கு இதக் கொண்டாந்திருக்காரு." சசிகுமார் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

முதலில் உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். தலை சிறுத்த பிள்ளைக்கு உச்சிக்குழியும் சீக்கிரம் அடைத்துவிடும். ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் எட்டிப்பார்த்த கதைதான். சி.டி. ஸ்கேன் மெஷினோ அப்போது பழுதாகிக் கிடந்தது. அதற்கு வேண்டிய பாகம் எந்த நாட்டிலிருந்தோ வந்துகொண்டே இருந்தது. வேறு ஆஸ்பத்திரிகளில் வரிசை நீளம். அதுவரைக்கும் தலைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவைக்கலாம் என்றார் டாக்டர்.

பிள்ளை தூங்கிக்கொண்டே வந்தது. தலையில் காது வரைக்கும் இறங்கிய தடித்த கம்பளிக் குல்லாய். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறவன் இந்தத் தொழிலில் உருப்படமாட்டான் என்பது உங்களுக்கும் தெரியும். பால் கொடுத்து, துணியால் சுற்றி, தூக்கம் கலையாமல் எடுத்தால்தான் படம் அசையாமல் வரும். கம்பளி படத்தில் விழாது. பொத்தான், ஊசி, தாயத்து ஏதும் இருக்கிறதா என்று குல்லாயை வெளியிலிருந்து தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. குல்லாயோடே எடுத்தேன். எடுத்துவிட்டு, பார்த்தீர்களா என் கைப்பக்குவத்தை என்று பெருமைப்படவும் செய்தேன்.

படத்தில் ஒன்பது வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

டாக்டர் முகம் வாடிவிட்டது. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். நான் பெற்றவர்களிடம், "மூளையில சுண்ணாம்பு படிஞ்சிருக்கு," என்று மொழிபெயர்த்தேன். சத்து என்ற சொல்லை விட்டுவிட்டேன். தோட்டத்தில் சுண்ணாம்பு என்றால் வெற்றிலைச் சுண்ணாம்புதான். மாசமாக இருந்தபோது தேவிகா வெற்றிலை போட்டதை மாப்பிள்ளை வீட்டார் நினைவுபடுத்திப் பேச, தோட்டக் குடியிருப்பான லயமே இரண்டு பட்டது. ஒரு பக்கம் மாலைதீவுக் கட்சி, ஒரு பக்கம் வெற்றிலைக் கட்சி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தோட்டத்தில் மற்றவையும் நடந்தன. சுகாதாரக்காரர்கள் வந்து லயம் லயமாகப் புகை அடித்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை எனக்குப் போன் போட்டு, கொழுந்து வழியாக நோய் போகுமா, வெளிநாட்டில் தேயிலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களா என்று கேட்டார். எக்ஸ்ரே எடுக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது. கொதிக்கிற தண்ணீரில் எந்தக் கொசு ஐயா நீந்தும் என்றேன்; அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற நேரத்தில் பிள்ளைகளை வரிசையில் வைத்துத் தலை அளந்தார்களாம். அளக்கிற துணி டேப் பல வருடமாக இழுபட்டு நீண்டு போனது. நீண்ட டேப்பில் எல்லாத் தலையும் குறைந்துதான் காட்டும். பிள்ளைகள் அத்தனைக்கும் சின்னத் தலை என்றானதும் கங்காணி பயந்துபோய் தன் தலையைக் கொடுத்தார். அவருக்கும் குறைவுதான். அன்று துரையை அளந்திருந்தால் அவருக்கும் ஜிகாதான்.

பத்து நாளில் கவிஷ்காவுக்கு இரண்டாவது படம் எடுத்தோம். இப்போது பதினாறு புள்ளிகள். அதுவல்ல விஷயம். முன்பு இருந்த இடத்தில் புள்ளி இல்லை என்றே கண்ணுக்குப் பட்டது. வேறு வேறு இடத்தில் இருந்தன. படம் பிடிக்கும் தட்டில் தூசு இருந்தாலும் வெள்ளைப் புள்ளி விழும். ஆகவே தட்டை மூன்று தடவை துடைத்து, வெறும் தட்டை எடுத்துப் பார்த்தேன். பளிங்காக இருந்தது. மூளைக்குள் படிந்த சுண்ணாம்பு இடம் மாறுமா? டாக்டர் கொழும்பில் ஒரு நிபுணரைக் கேட்டார். அவர் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் மிகவும் சுவாரசியமாக இருக்கிறது, இதை எழுத வேண்டும் என்றாராம். உண்மையைச் சொல்கிறேன், அன்றிரவு நான் அந்தக் கட்டுரையின் அடியில், சின்ன எழுத்தில் என் பெயரைப் பார்த்தேன். முட்டாளுக்கு ஆசை வேறு.

மூன்றாவது படம் ஒரு சனிக்கிழமை. முப்பதுக்கு மேல் புள்ளிகள். அச்சாகி வந்த படத்தில் மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். இப்படியே போனால் தீபாவளிக்குள் இந்தப் பிள்ளைக்கு மூளை என்று ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்தேன். அப்போது பார்த்து மேசையில் கிடந்த கவிஷ்கா விழித்துக்கொண்டாள். பசி. கத்தினாள், காலை உதைத்தாள், கையை வீசிக் குல்லாயைப் பிடித்து இழுத்தாள். குல்லாய் கழன்றது.

கறுப்பு மேசை முழுக்கத் திருநீறு கொட்டியது.

குனிந்து பார்த்தேன். அடர்ந்த முடிக்குள், நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், நல்லெண்ணெயில் குழைத்த திருநீறு கட்டிகட்டியாக ஒட்டிக் காய்ந்திருந்தது. சாம்பலிலும் சுண்ணாம்புச் சத்துதானே இருக்கிறது. நான் அந்த அறையில் முப்பது வருடம் நின்றவன். சசிகுமாரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இது என்ன?"

"துண்ணூறுங்க சார்." சசிகுமார் குற்றவாளி மாதிரி இல்லை, கொஞ்சம் பெருமையாகவே நின்றான். "கோயில்ல வாங்கி, படம் நல்லா வரணும்னு கும்புட்டுப் பூசித்தான் கொண்டாறேன். மொத வாட்டி கொஞ்சமாத்தான் வச்சேன், ஒம்பது புள்ளி வந்துருச்சி. பத்தலன்னு ரெண்டாவது வாட்டி கூட வச்சேன். அப்பயும் கொறயல. நேத்து வெள்ளிக்கெழம பூசை. அதான் இன்னிக்கு எண்ணெயில கொழச்சி மண்ட பூரா..."

புள்ளி குறைய வேண்டும் என்று அவன் பூசப் பூசப் புள்ளி கூடியிருக்கிறது. புள்ளி கூடக் கூட அவன் பூசியிருக்கிறான். நடுவில் நின்று படம் எடுத்த எனக்குத் தலையைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

எனக்கு வந்த கோபத்தில், குல்லாயை மட்டும் மேசையில் வைத்து எக்ஸ்ரே எடுத்தேன். ஜிகாவுக்குரிய அத்தனை புள்ளியும் குல்லாய்க்கு இருந்தது. சூடு ஆறாத அந்தப் படத்தோடு டாக்டரிடம் போனேன். அவர் வெளிச்சப் பெட்டியில் மாட்டி மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு மண்டையோடு எங்கே?" என்றார் கடைசியில்.

"பிள்ளை இல்லை டாக்டர். குல்லாய்."

நடந்ததைச் சொன்னேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் சிரித்தார். தேநீர் கொண்டுவந்தவர் விஷயம் கேட்டுவிட்டுத் தேநீரைக் கொடுக்காமலே போய் வார்டெல்லாம் சொன்னார். "கொழும்புக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்," என்றார் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு சீட்டை எடுத்து எழுதினார். புள்ளி எல்லாம் சாம்பல், தலை கொஞ்சம் சிறிது, அவ்வளவுதான், மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்.

இதை மொழிபெயர்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேவிகா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து எழுந்து வந்து சசிகுமாரின் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நீங்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் அதைத்தான் விரும்பினேன்.

படங்களை உறைக்குள் போடுவதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். என் அறையின் வெளிச்சப் பெட்டியும் எரிந்துகொண்டிருந்தது. மூன்று படத்தின் மண்டையோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தியபோது, ஒரு படத்தின் புள்ளிகள் இன்னொன்றில் இல்லாமல் சிதறிப் போயின. இரண்டு புள்ளிகள் மட்டும் சிதறவில்லை. மிகச் சின்னவை. மூன்று படத்திலும் ஒரே இடம். தலைகீழாகத் திருப்பினேன், விலக்கி மறுபடி வைத்தேன். குல்லாய்ப் படத்தை மேலே போட்டுப் பார்த்தேன். குல்லாயில் அந்த இரண்டும் இல்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்திவைக்க நினைத்தேன். தப்புச் செய்வது பெரிய விஷயமில்லை, எல்லாரும் செய்கிறோம். தப்பைக் கண்டுபிடித்துச் சபை சிரித்த பிறகு வருகிற நிம்மதி இருக்கிறதே, அது பொல்லாதது. எல்லாம் சாம்பல் என்று நிரூபித்ததே நான். பேசாமல் உறையை ஒட்டியிருந்தால் இன்றுவரை என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பேசினாலோ, காலையில் குல்லாய்க்குப் படம் எடுத்தவன் மத்தியானம் மறுபடி புள்ளி கண்டுவிட்டான் என்பார்கள். வெட்கமாக இருந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு தேவையில்லாமல் இரண்டு தடவை கை கழுவினேன். பிறகு போனேன்.

டாக்டர் என்னைக் கண்டதுமே சிரிக்கத் தயாரானார். "இன்னொரு குல்லாயா?"

"குல்லாயில் இது இல்லை டாக்டர்," என்றேன்.

பார்த்தார். சிரிப்பு நின்றது. "அவர்களை நிறுத்துங்கள்," என்றார்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் லுணுகலை பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. வயதான காலத்தில் மூச்சிரைக்க ஓடிப்போய் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். பின்சீட்டில் இருந்தார்கள். மடியில் வடைப் பார்சல். தேவிகா ஒரு வடையைப் பிய்த்து ஆறவிட்டு அவன் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். நாளைக்குப் போனில் சொன்னால் என்ன. ஒரு ராத்திரியாவது சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆனால் பஸ் நகரத் தொடங்கிவிட்டது, என் கை தானாகவே தகரத்தைத் தட்டியது.

"தம்பி, எறங்குங்க."

தேவிகா என் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். "துண்ணூறுதானுங்களே சார்?" என்றாள்.

"ரெண்டு மட்டும் துண்ணூறு இல்ல போல இருக்கும்மா."

வடையை அப்படியே சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவள் மறுபடியும் அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அதைச் செய்தவன் நான்.

அடுத்த வாரமே பாகம் வந்து சி.டி. மெஷின் உயிர் பெற்றது. முதல் ஆள் கவிஷ்கா. சசிகுமார் ஈரத்துணியால் தலையைத் துடை துடை என்று துடைத்தான். நான் முடியைப் பிரித்து விரலால் தடவி, காதுக்குப் பின்னால் வரைக்கும் பார்த்தேன். இனி எவன் தலையையும் குல்லாயோடு படம் எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது அல்லவா. பால் குடித்து முடித்துப் பிள்ளை தூங்கியது. படுக்கவைக்கும்போது பார்த்தால், சசிகுமாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துவிட்டது.

"வைக்கக் கூடாது," என்றேன்.

"சரிங்க சார்." ஆனால் எடுத்துவிட்டான். எடுத்த திருநீற்றைத் திரும்பப் பொட்டலத்தில் போடவும் கூடாது, தரையில் உதறவும் கூடாது. விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திகைத்தான். "மெஷினுக்கு வச்சிரட்டுங்களா?"

"மெஷின தொட்டீங்கனா நானே ஒங்கள அடிப்பேன்."

சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு எட்டி என் நெற்றியில் பூசிவிட்டான். "நீங்கதானுங்களே பாக்கப்போறீங்க," என்றான். பதுளைக் கடைத்தெருவில் கல்லாவுக்குத் தினமும் கற்பூரம் காட்டிய குடும்பத்தில் பிறந்தும், நான் திருநீறு பூசி வருடங்கள் ஆகியிருந்தன. அழிக்கத் தோன்றவில்லை.

படம் வந்தது. தலைக்கு வெளியே ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. உள்ளே, மூளையின் மேல் மடிப்புக்குக் கீழே, எக்ஸ்ரேயில் கண்ட இரண்டும், அதில் தெரியாத இன்னும் மூன்று நாலும் இருந்தன. ஒரு பக்கம் மடிப்புகள் கொஞ்சம் குறைவு. ஜிகாவாக இருக்கலாம், வேறு தொற்றாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். கொழும்பிலிருந்து வந்த இரத்த முடிவும் அதே வழவழாப் பதில்தான். ஆனால் அன்றே கண், காது, உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதினார். மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் அதுவும் மூன்று மாதம் பிந்தியிருக்கும். கவிஷ்கா இப்போது நடக்கிறாள். இடது கால் கொஞ்சம் இழுக்கும், மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள், வாய் மட்டும் கங்காணி வாய். அப்பன் மாலைதீவுப் பக்கம் திரும்பிப் போகவில்லை, லுணுகலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான்.

ஆனால் அன்று இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் சொன்னதை நான் இந்தத் தடவை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். தேவிகா பிள்ளையோடு வாசலில் நின்றாள். சசிகுமார் உள்ளே வந்து, திரையில் இருந்த படத்தின் அருகே முகத்தை வைத்துப் பார்த்தான்.

"சார்," என்றான் மெதுவாக. "நான் இதுல தெரியுறனா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"புள்ள மட்டுந்தான் தம்பி தெரியுது," என்றேன். "யாரு கொண்டாந்தாங்கன்னு எந்த மெஷினும் எழுதாது. கொசுவும் தெரியல. நீங்களும் தெரியல."

அவன் தலையாட்டினான். திரையைவிட்டு நகரவில்லை. வாசலிலிருந்து தேவிகா, "சார், இனி வைக்கலாங்களா?" என்று கேட்டாள்.

"வைங்கம்மா. இனி எவ்வளவு வேணும்னாலும் வைங்க."

அவள் உள்ளே வந்து கணவனிடம் கையை நீட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். ஒரு சிட்டிகை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் கோடாகப் பூசினாள். விரலில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை அவன் முகத்தைப் பார்க்காமலே அவன் நெற்றியில் இழுத்துவிட்டாள்.

"வாங்க, பஸ்ஸு போயிரும்," என்றாள்.